பிபி, முழங்கால் தேய்மானம் இரண்டும் உள்ளவர் தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்யலாமா?

அல்லிக்குளம் கேட்டது:
அம்மாவுக்கு 61 வயது. பிபிக்கு அம்லோடிபின், மெட்டோப்ரோலால் இரண்டும் போட்டுக்கொள்கிறார், ஆனாலும் மேல் எண் 140ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. தினமும் நடக்கச் சொல்கிறார் டாக்டர். முழங்கால் தேய்மானம் இருக்கிறதே, கொஞ்ச தூரம் போனதுமே உட்கார இடம் தேட ஆரம்பித்துவிடுகிறார். நீச்சல் குளத்தில் இறங்கி நின்றபடியே உடற்பயிற்சி செய்யலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. இதில் பிபி உண்மையிலேயே குறையுமா, இல்லை சும்மா நனைந்துவிட்டு வருவதோடு சரியா? நடைக்கு நாடித் துடிப்பு 110 என்று கைக்கடிகாரத்தில் வைத்திருக்கிறோம், அதே கணக்கைத் தண்ணீரிலும் வைத்துக்கொள்ளலாமா?

நீர்க்காகம்:
குறையும். 2012இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 12 வாரம் நீச்சல் பயிற்சி கொடுத்தார்கள், மேல் எண்ணின் சராசரி 131இலிருந்து 122க்கு வந்தது. அதனால் நான் சொல்வது, நின்று கையைக் காலை ஆட்டுவதைவிட நீச்சலைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், 61 எல்லாம் ஒரு வயதே இல்லை.

பிசியோதோழி:
நீர்க்காகம் சொன்ன ஆய்வு சரிதான், ஆனால் இவருக்கு முதல் வேலை நீச்சல் இல்லை. புதிதாகக் கற்பவர்கள் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கைகால் அடிப்பார்கள், மூச்சை அடக்கி முக்கினால் பிபி அந்த நேரத்துக்குக் குபீரென்று ஏறும். மார்பளவுத் தண்ணீரில் நடந்தாலே போதும். இடுப்பளவில் நின்றால் கால் தாங்கும் எடை பாதியாகிவிடும், மார்பளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், முழங்கால் முனகாது. ஆனால் தண்ணீர் எதிர்த்துத் தள்ளுவதால் மெதுவாக நடந்தாலும் உழைப்பு இருக்கும்.

இன்னொரு விஷயம், தண்ணீர் காலைச் சுற்றி அழுத்துகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த அழுத்தம் பிபி மெஷின் கணக்கில் சுமார் 74 மி.மீ. பாதரசம். அதனால் காலில் தேங்கிய ரத்தம் மேலேறி இதயத்துக்கு வரும், உடம்பு ‘நீர் அதிகமாகிவிட்டது’ என்று நினைத்துக்கொண்டு உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். குளத்தில் இறங்கினாலே சிறுநீர் முட்டுவது இதனால்தான். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு இதே ரத்த வரவு பாரமாகிவிடும், ஆகவே இறங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆகவேண்டும்.

110 கணக்கை விட்டுவிடுங்கள். தண்ணீரில் நாடி இயல்பாகவே குறைவாகத்தான் ஓடும், போதாததற்கு மெட்டோப்ரோலால் வேறு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. 110ஐத் துரத்தினால் அம்மா தேவைக்கு மேல் உழைத்துவிடுவார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அவ்வளவுதான் அளவு.

முதலில் சுவர் ஓரமாக, கம்பியை ஒரு கையால் பிடித்தபடி முன்னால், பின்னால், பக்கவாட்டில் நடக்கட்டும். குதிகால் முதலில் தரையில் பட வேண்டும், நுனிக்காலில் மிதந்து மிதந்து போகக்கூடாது. பழகியபின் கம்பியை விட்டுவிட்டு உள்ளங்கையை விரித்துத் தண்ணீரைத் தள்ளச் சொல்லுங்கள், தள்ளும்போது மூச்சை வெளியே விடணும். ஆரம்பத்தில் கால் மணி நேரம் போதும், அப்புறம் மெல்ல ஏற்றி வாரத்துக்கு 150 நிமிடம் வரை கொண்டுபோகலாம்.

தூண்டில்:
குளத்துத் தண்ணீரின் சூட்டை யாரும் பேசவில்லையே. பிரேசிலில் மூன்று, நான்கு மாத்திரைக்கும் அடங்காத பிபிக்காரர்களை 30 முதல் 32 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில், வாரம் 3 நாள், ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். 12 வாரம் கழித்து, 24 மணி நேரமும் அளந்து எடுத்த மேல் எண் சராசரி 137இலிருந்து 120க்கு இறங்கியிருந்தது. சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் இப்படியே இறங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் சில்லென்ற தண்ணீரில் திடுமென இறங்கினால் ரத்தக்குழாய் சுருங்கி பிபி எகிறும், அது நிச்சயம்.

எங்கள் அப்பா பயிற்சி முடிந்து ஏணியில் மளமளவென ஏறினார், மேல் படியில் கண் இருட்டி அப்படியே கம்பியைக் கட்டிக்கொண்டார். அதுவரை காலை அழுத்திக்கொண்டிருந்த தண்ணீர் விலகியதும் ரத்தம் சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது, அம்லோடிபின் மாதிரி குழாயை விரிக்கும் மாத்திரையும் இருந்தால் தலைசுற்றல் இன்னும் எளிதாக வரும். இப்போது முழங்காலளவுத் தண்ணீருக்கு வந்து கொஞ்சம் நின்று, ஒவ்வொரு படியாகத்தான் ஏறுகிறார், ஏறியதும் உட்கார்ந்துவிடுவார்.

அல்லிக்குளம்:
நாடியைப் பற்றி டாக்டரிடமும் கேட்டுவிடுகிறேன், நன்றி. இரண்டு மாதம் இப்படிச் செய்து நன்றாகக் குறைந்தால் ஒரு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பிசியோதோழி:
நீங்களாக நிறுத்தவே கூடாது, அதுவும் மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் நாடியும் பிபியும் துள்ளும், சிலருக்கு நெஞ்சுவலியே வந்துவிடும். பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்கு பிபி குறைவாகவே இருக்கும், அந்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். காலையில் மாத்திரைக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் அளந்து எழுதி வையுங்கள். குறைக்கலாமா என்பதை டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துச் சொல்லட்டும். என்றைக்காவது 180க்கு மேல் காட்டினால் அன்றைக்குக் குளம் வேண்டாம். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுமையான தலைவலி, கைகால் மரத்துப்போவது ஏதாவது இருந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

நீர்க்காகம்:
சரி, நடையிலிருந்தே ஆரம்பிக்கட்டும். குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கரையில் வைத்துவிடுங்கள். குளத்துக்குள் வேர்ப்பது தெரியாது, ஆனால் வேர்க்கும்.