காலி விஸ்கி பாட்டில்களையும் லேபிள்களையும் நினைவுக்காக வைத்துக்கொள்வது: சில சந்தேகங்கள் (வேலூர்)

காட்பாடி_ரயிலடி:

வணக்கம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாமா சேர்த்து வைத்திருந்த காலி விஸ்கி பாட்டில்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. மொத்தம் 13. ஜானி வாக்கர், டிம்பிள், குதிரை மூடி போட்ட ப்ளாண்டன்ஸ், இரண்டு அம்ருத், மீதியெல்லாம் பழைய கேன்டீன் சரக்கு. ஷோகேஸில் ஐந்துக்கு மேல் நிற்காது. அதனால் ஐந்தைப் பாட்டிலாகவே வைத்துவிட்டு, மற்றவற்றின் லேபிளை மட்டும் கழற்றி ஆல்பத்தில் சேர்க்கலாம் என்று எண்ணம்.

லேபிளைக் கிழியாமல் எடுக்க எது சரியான வழி? சிலது மெல்லிய காகிதம், சிலது பிளாஸ்டிக் போலத் தெரிகிறது, சிலவற்றில் தங்க நிற ஓரம். நான்கைந்து பாட்டிலின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இது நம்ம ஊர் போர் தண்ணியில் கழுவியதால்தானா, போகுமா? எடுத்த லேபிளை லேமினேஷன் செய்யலாமா? ஷோகேஸ் ஹாலில், மேற்கு ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது. மிஞ்சும் பாட்டில்களை என்ன செய்வது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

அகழிமீன்:

எடுத்ததும் பக்கெட்டில் ஊறப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பசை என்று பார்த்த பிறகுதான் தண்ணீர்.

பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணாடி வழியாக லேபிளின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். சீப்பால் இழுத்தது மாதிரி கோடு கோடாகப் பசை தெரிந்தால் அது ஈரப் பசை. மாவுப் பசையாக இருக்கும், அல்லது பாலில் இருந்து எடுக்கும் கேசீன் பசையாக இருக்கும். கோடே இல்லாமல் ஒரே சீராக, அங்கங்கே சின்னக் காற்றுக்குமிழ் மட்டும் தெரிந்தால் ஸ்டிக்கர் ரகம். கரும்பச்சை, பழுப்புக் கண்ணாடியில் இது தெரியாது. அப்போது கீழ் மூலையில் ஒரு சொட்டு வெந்நீர் வைத்து ஐந்து நிமிடம் கழித்து நகத்தால் தொட்டுப் பாருங்கள். மூலை வழுக்கி நகர்ந்தால் ஈரப் பசை. காகிதம் ஊறியும் பசை பிடித்தபடியே இருந்தால் ஸ்டிக்கர்.

ஈரப் பசைக்கு: பாட்டிலுக்குள்ளும் வெந்நீர் ஊற்றி மூடி போடுங்கள், இல்லையென்றால் பக்கெட்டில் மிதந்து புரண்டு லேபிள் உரசும். சூடு 50 முதல் 60 டிகிரி போதும். கொதிக்கிற தண்ணீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் அடிப்பாகம் விரிசல் விடும்; தடித்த அடி உள்ள பாட்டில்தான் முதலில் போகும். வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மாவுப் பசையாக இருந்தால் லேபிள் தானாக நழுவி வந்துவிடும். வரவில்லை என்றால் லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சலவை சோடா. கேசீன் பசை காரத்தில்தான் கரையும். ஆப்ப சோடாவின் காரம் இதற்குப் பத்தாது. தங்க, வெள்ளி நிறம் உள்ள லேபிளுக்கு மட்டும் சலவை சோடா கூடாது. அது பெரும்பாலும் அலுமினியப் பூச்சு, காரம் பட்டதும் மங்கிக் கருத்துப்போகும். அவற்றை வெறும் வெந்நீரிலேயே ராத்திரி முழுக்க விடுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீரைச் சூடாக்கி மாற்றினால் போதும்.

நழுவ ஆரம்பித்ததும் விரலால் இழுக்க வேண்டாம். ஈரக் காகிதத்துக்குத் தாங்குசக்தி கிடையாது. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்குக்குப் போடும் பிளாஸ்டிக் ஷீட்டைத் தண்ணீருக்குள்ளேயே லேபிளுக்கு அடியில் கொடுத்து, ஷீட்டோடு சேர்த்துத் தூக்குங்கள். முதுகில் வழவழப்பாக மிச்சமிருக்கும் பசையை மெல்லிய பிரஷ்ஷால் முழுக்கக் கழுவிவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் காயும்போது அடியில் வைத்த காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி அலசல் கேன் தண்ணீரில். போர் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் கருப்பு நிற லேபிளில் வெள்ளைத் திட்டு நிற்கும்.

ஸ்டிக்கர் ரகத்துக்கு ஊறல் உதவாது, சூடுதான். உள்ளே 70 டிகிரி வரை வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு ஷேவிங் பிளேடைக் கண்ணாடியோடு கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து ஒரு மூலையைக் கிளப்புங்கள். இழுக்கும் வேகம் விரற்கடைக்குப் பத்து விநாடி என்ற கணக்கில் இருக்கட்டும். அவசரப்பட்டால் காகிதம் இரண்டு அடுக்காகப் பிளந்து, அச்சு கையோடும் முதுகு பாட்டிலோடும் போய்விடும். பிளாஸ்டிக் லேபிள் என்றால் சூட்டைக் குறையுங்கள், இழுபட்டு அலை அலையாகிவிடும். எடுத்த லேபிளின் முதுகில் டால்கம் பவுடர் தூவித் துடைத்தால் பிசுபிசுப்பு அடங்கும்.

பாட்டிலில் மிஞ்சும் பசைக்கு நீலகிரித் தைலம் அருமையான மருந்து. பஞ்சில் நனைத்து ஒற்றி, பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் சுருண்டு வரும். லேபிள் இருக்கும்போது தைலம், தேங்காய் எண்ணெய் எதையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். காகிதம் எண்ணெய் குடித்தால் அந்தக் கறை நிரந்தரம்.

மூடியும்_கோலியும்:

அகழிமீன் சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியச் சந்தைக்கு வரும் பல விஸ்கி பாட்டில்களின் கழுத்தில் கோலிக்குண்டு வைத்த பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். சரக்கு வெளியே வரும், எதுவும் உள்ளே போகாது. கலப்படக்காரன் மறுபடி நிரப்பாமல் இருக்க வைத்தது. அந்தப் பாட்டிலில் வெந்நீர் ஊற்ற முடியாது. அதை நெம்பி எடுத்தால் பிளாஸ்டிக் உடைந்து கழுத்தும் சில்லு பெயரும். விட்டுவிடுங்கள், வெளியில் இருந்து ஹேர் டிரையர் போதும். 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோலி அடைப்பு உள்ளதை உள்ளே கழுவவும் முடியாது. தலைகீழாகக் கவிழ்த்து முழுக்க வடிய விட்டு, மூடியைத் திறந்தே நிழலில் ஒரு வாரம் வையுங்கள். வெறும் விஸ்கி என்றால் ஆவியாகி மெல்லிய பழுப்புப் படலத்தோடு நின்றுவிடும். இனிப்புச் சேர்த்த லிக்கர் வகைதான் பூசணம் பிடிக்கும், பழ ஈ மொய்க்கும்.

வெள்ளைப் படிவுக்கு வருகிறேன். நம்ம பக்கத்து நிலத்தடி நீரில் சுண்ணாம்பு அதிகம், கழுவிவிட்டு அப்படியே நிமிர்த்தி வைத்தால் உள்ளே காய்ந்து படியும். 200 மி.லி. வெந்நீரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதாவது மளிகைக் கடை சிட்ரிக் ஆசிட், கரைத்து ஊற்றி நாலைந்து மணி நேரம் சாய்த்துச் சாய்த்து வையுங்கள். குமிழ் விட்டால் சுண்ணாம்புதான், போய்விடும். இரண்டு முறை செய்தும் அப்படியே இருந்தால் அது படிவே அல்ல. தண்ணீர் வருடக்கணக்கில் உள்ளே நின்று கண்ணாடியே அரித்திருக்கிறது. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. அப்படிப்பட்டதை ஷோகேஸுக்கு எடுக்காமல் லேபிளுக்கு ஒதுக்குங்கள்.

அடியில் ஒட்டிய அழுக்குக்கு ஒரு பிடி பச்சரிசியும் கால் பங்கு தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் போதும். மணல் போட வேண்டாம், பாலாற்று மணலாகவே இருந்தாலும் கண்ணாடியில் கீறல் விழும். கடைசியில் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசு. கவிழ்த்து வைத்தும் உள்ளே ஈரம் நின்றால் ஒரு நீளமான பருத்தித் துணித் திரியை அடிவரை விட்டு வெளியே தொங்கவிடுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முழுக்க உலராமல் கார்க் மூடி போட்டால் கார்க்கின் அடியில் பூசணம் வரும்.

டிம்பிளில் கம்பி வலை இருந்தால் அந்தப் பாட்டிலைத் தண்ணீரிலேயே போடாதீர்கள். துருவேறிய கம்பியில் இருந்து லேபிளுக்கு இறங்கும் கறை போகாது. அதைத்தான் முழுசாக வைக்க வேண்டும் என்பேன். குழிவிழுந்த மூன்று பக்க உருவம்தான் அதன் அடையாளம், லேபிளைத் தனியே எடுத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

வாலாஜா_ஆப்செட்:

லேமினேஷன் வேண்டாம். சூட்டிலும் அழுத்தத்திலும் பிளாஸ்டிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. புடைப்பு அச்சு தட்டையாகும், மெட்டல் மையின் மினுக்கம் செத்துப்போகும், லேசாக ஈரம் இருந்தால் உள்ளே புகைமூட்டம் மாதிரி நிற்கும். அதே காரணத்துக்காக அகலமான டேப்பை லேபிள் மேல் ஒட்டி அச்சை மட்டும் உரித்தெடுக்கும் முறையையும் தவிர்க்கலாம். வேறு எதற்கும் மசியாத லேபிளுக்குக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காயவைப்பது: ஈர லேபிளின் மேலும் கீழும் வெள்ளை பிளாட்டிங் பேப்பர், அதன் மேல் தடித்த புத்தகங்கள். நியூஸ்பேப்பர் வைத்தால் அதன் மை ஏறும். முதல் நாள் மூன்று முறை பேப்பரை மாற்றுங்கள், பிறகு இரண்டு நாள் அசைக்க வேண்டாம். ஃபேன் காற்றில் திறந்து காயவிட்டால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து சுருண்டுவிடும். சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம், அரை மணியில் குழல்.

ஷோகேஸை இடம் மாற்றுங்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அச்சு மைகளில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது நீலம் பாய்ந்த ஒரு படம். ஸ்டிக்கர் பசையும் வேலூர் கோடைச் சூட்டில் இளகி ஓரத்தில் கசிந்து தூசியைப் பிடிக்கும். மாற்ற இடமில்லை என்றால் ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், ஷோகேஸுக்குள் மஞ்சள் குண்டு பல்புக்குப் பதில் எல்இடி பட்டை.

பாட்டிலாக வைக்கும் ஐந்தில் ஏதாவது லேபிளின் மூலை தூக்கியிருந்தால் ஃபெவிகால் வேண்டாம், அது இறுகினால் திரும்பப் பிரிக்க முடியாது. மைதாவை நீர்க்கக் காய்ச்சி, பூஜ்ஜியம் நம்பர் பிரஷ்ஷில் ஒரு தொடுகை, அவ்வளவுதான். தாராளமாகத் தடவினால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த கணக்கு.

காட்பாடி_ரயிலடி:

நன்றி. ஆல்பம் என்றால் போட்டோ ஆல்பம் போதுமா? ப்ளாண்டன்ஸ் மூடியில் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கிறதே, அது என்ன? எந்தக் காலத்துப் பாட்டில் என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

குடியாத்தம்_தீப்பெட்டி:

ஒட்டும் பக்கம் உள்ள போட்டோ ஆல்பம் கூடவே கூடாது. தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர்கள் பின்பற்றுவதுதான் இதற்கும்: பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை. பிவிசி உறை வேண்டாம். புதிதாகப் பிரிக்கும்போது ரெக்சின் வாசனை வந்தால் அது பிவிசி. நாளாவட்டத்தில் அதில் இருந்து கசியும் எண்ணெய்ப்பசை அச்சோடு ஒட்டிக்கொள்ளும். உறைக்குள் அமிலமில்லாத அட்டை, லேபிளை அட்டையில் ஒட்டாமல் நான்கு மூலைக் கூடு மட்டும். ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள், சுவரில் ஒட்டாத பீரோவில். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு.

கழற்றும் முன் நான்கு பக்கமும் அடியும் போட்டோ எடுத்துவிடுங்கள். முன் லேபிள், முதுகு லேபிள், கழுத்துப் பட்டை, மூடி மேல் ஒட்டிய ஹாலோகிராம் மிச்சம் எல்லாம் ஒரே பக்கத்தில் சேர வேண்டும். முதுகு லேபிளைத்தான் பலர் தூக்கிப் போடுகிறார்கள், விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஜானி வாக்கர் லேபிள் 24 டிகிரி சாய்வாக ஒட்டப்படுவது. ஆல்பத்தில் நேராக வைத்தால் எழுத்து நேராகும், ஆனால் அதன் முகம் போய்விடும். சாய்த்தே வையுங்கள்.

காலம் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள். அமெரிக்க பாட்டிலின் கண்ணாடியிலேயே, இதை மறுபடி விற்பதையும் பயன்படுத்துவதையும் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது என்ற வாசகம் புடைப்பாக இருந்தால் அது 1935க்கும் 1964க்கும் இடைப்பட்டது. அமெரிக்காவில் 1980 முதல் மெட்ரிக் அளவு கட்டாயம், அதற்கு முந்தையதில் மி.லி. கணக்கு பெரும்பாலும் இருக்காது. ஐரோப்பியச் சந்தைப் பாட்டில் இப்போது 700 மி.லி., நம்ம ஊர் ஃபுல் 750. இந்திய லேபிளில் குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி 2019 ஏப்ரல் முதல். தமிழில் மது நாட்டிற்கு வீட்டிற்கு உயிருக்குக் கேடு என்று அச்சிட்டிருந்தால் அது தமிழ்நாட்டு விற்பனைக்கு வந்த பாட்டில். நம்ம ஊர் எல்லையோரம் என்பதால் ஒரே பிராண்டில் ஆந்திரா, கர்நாடகா, கேன்டீன் என்று எங்கே விற்பனைக்கு என்ற வாசகம் மட்டும் மாறிய லேபிள்கள் கிடைக்கும். ஒரே லேபிள்தானே என்று தள்ளாமல் அந்த வாசகத்தைப் படித்துப் பாருங்கள். அம்ருத் சிங்கிள் மால்ட் முதலில் விற்பனைக்கு வந்ததே 2004இல், கிளாஸ்கோவில். ஆகவே உங்கள் சிங்கிள் மால்ட் பாட்டில் அதற்கு முந்தியதாக இருக்காது.

ப்ளாண்டன்ஸ் மூடி: 1999 முதல் எட்டு விதம், எட்டிலும் குதிரையும் ஜாக்கியும் ஓட்டத்தின் வெவ்வேறு நிலையில். எட்டு ஆங்கில எழுத்தும் சேர்ந்தால் BLANTONS என்ற பிராண்டின் பெயர். அதில் N எழுத்து இரண்டு தடவை வருவதால், இரண்டாவதைப் பிரித்துக்காட்டப் பக்கத்தில் இரண்டு புள்ளி இருக்கும். எழுத்தே இல்லாத குதிரை மூடி என்றால் அதற்கு முந்தியது, அதைப் பத்திரமாக வையுங்கள். அந்த பாட்டிலை மூடியோடு ஷோகேஸில் சேர்த்துவிடலாம்.

மூடியும்_கோலியும்:

மிஞ்சும் பாட்டில் பற்றி யாரும் சொல்லவில்லை. லேபிள், மூடி, அட்டைப்பெட்டி மூன்றும் சேர்ந்த வெளிநாட்டு விஸ்கி பாட்டிலுக்குக் காயலாங்கடையில் கூடுதல் காசு கொடுத்தால், ஏன் என்று யோசியுங்கள். போலிச் சரக்கு அடைப்பவனுக்கு வேண்டியது அந்த மூன்றும்தான். லேபிள் எடுத்த பாட்டிலைத் தாராளமாகப் போடலாம். லேபிள் வராமல் நின்றதை ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள், மூடியை வெட்டிவிடுங்கள், பெட்டியை மடிப்பில் கிழித்துப் பழைய பேப்பரோடு சேருங்கள். டாஸ்மாக் பத்து ரூபாய் ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில் ஏதாவது அதில் இருந்தால் ஸ்டிக்கரைத் தொடாமல் கடையிலேயே கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளுங்கள். ஊறப் போடும்போது முதலில் உரிவது அதுதான்.