தேய்ந்த முழங்காலோடு ஸ்கீ: எந்தப் பெல்ட் கட்டுவது?

ஆரேக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெர்னில் இருக்கிறேன், வயது 52, முப்பது வருடத்துக்கு மேல் உணவகச் சமையலறையில் வேலை, நின்று நின்றே கால் போச்சு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்து ஸ்கீலாகருக்கு, அதாவது பனிச்சறுக்கு முகாமுக்குப் போய்ப் பழகி வந்ததைப் பார்த்து எனக்கும் ஆசை வந்து 38 வயதில்தான் பழகினேன். நான் பிறந்த ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் இருப்பது மட்டும்தான், ஆனாலும் இது எப்படியோ பிடித்துப்போய்விட்டது, இப்போது வருடத்தில் ஒரு பத்து நாள் மலைக்குப் போகாவிட்டால் எனக்குக் குளிர்காலமே வராத மாதிரி.

பிரச்சினை வலது முழங்கால். உள்பக்கம்தான் நோ. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து உள்பக்கக் குருத்தெலும்பு நடுத்தரமாகத் தேய்ந்திருக்கிறது என்றார் மருத்துவர், ஸ்கீயை விடத் தேவையில்லை, அளவோடு செய் என்றும் சொன்னார். அந்த "அளவோடு" எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டேன். போன தை மாதம் கிரிண்டெல்வால்டில் இரண்டு மணித்தியாலம் நல்லாகப் போனது, பிறகு இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம், அதாவது வலது காலில் பாரம் விழும்போதெல்லாம், ஊசி குத்துகிற மாதிரி. வீட்டுக்கு வரும்போது ரயில் படியில் பக்கவாட்டாக இறங்கினேன், ஒரு சின்னப் பெடியன் கை கொடுத்தான்.

இணையத்தில் ஒரு நியோப்ரீன் உறை வாங்கிப் போட்டேன், அது இறுக்கிப் பிடித்துக் கால்விரல் மரத்துப்போய், மதியம் சப்பாத்தைக் கழற்றினால் கெண்டைக்காலில் வளையல் போட்ட மாதிரித் தடம். இப்போது பார்த்தால் கடையில் இரும்புப் பட்டி வைத்தது, வில் வைத்தது, காற்று அடிப்பது என்று நூறு விதம் இருக்கிறது. மாசியில் பிள்ளைகளுக்கு விடுமுறை வருகிறது. யாராவது உண்மையில் கட்டிக்கொண்டு ஸ்கீ செய்தவர்கள் சொல்லுங்கள், விளம்பரம் வேண்டாம்.

மயிலாப்பூர் டு மியூனிக் எழுதியது:

சார், நான் கட்டிக்கொண்டுதான் போகிறேன், ஆனால் என் கதை வேறு. எனக்கு 2019இல் முன் சிலுவைத் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆனது. இரண்டு பக்கமும் கீல் வைத்த கெட்டி பிரேஸ். அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, 2006இல் அமெரிக்காவில் ஸ்கீ தளத்தில் வேலை செய்பவர்களில் இந்த ஆபரேஷன் ஆனவர்களைக் கவனித்துப் பார்த்ததில், பிரேஸ் போடாதவர்களுக்கு மறுபடி முட்டியில் அடிபடும் வாய்ப்பு கிட்டத்தட்ட 2.7 மடங்கு என்று வந்தது. ஆனால் அது தசைநாருக்கு. தேய்மானத்துக்கு அதே பிரேஸை மாட்டினால் வலி குறையும் என்று நினைத்து என் மாமா ஒருத்தர் என்னுடையதை வாங்கிப் போட்டுப் பார்த்தார், முட்டி ஆடாமல் இருந்ததே தவிர வலி அப்படியே இருந்தது.

எதை வாங்கினாலும் ஒரு விஷயம், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெர்மல் பேன்ட்டுக்கு மேல் கட்டாதீர்கள். அரை மணி நேரத்தில் வழுக்கி இறங்கிவிடும், கீல் முட்டிக்கு நேராக இல்லாமல் இரண்டு விரல் கீழே போய்விட்டால் மடக்கும்போதெல்லாம் பிரேஸ் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தோலோடு ஒட்டித்தான் கட்ட வேண்டும். நான் பழைய தெர்மலை முட்டிக்கு மேலே கத்தரித்துவிட்டேன், மனைவி திட்டினாள், அது வேறு. அப்புறம் பிரேஸின் கீழ்முனை ஸ்கீ பூட்டின் மேல்விளிம்பில் இடிக்கக் கூடாது. கடைக்குப் போகும்போது உங்கள் பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், அங்கேயே இரண்டையும் மாட்டி, முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்து நின்று பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

தலைமை ஆத்மா எழுதியது:

52 வயதில் முழங்கால் தேய்ந்த பிறகு எதற்கு இந்த விளையாட்டு? வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாமே.

எலும்பு அக்கா எழுதியது:

மேலே உள்ளவருக்கு: வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தால் முழங்கால் இன்னும் மோசமாகும், தொடைத்தசை வற்றும். சரி, அதை விடுவோம்.

அண்ணா, நான் சூரிச்சில் பிசியோ. உங்கள் காலைப் பார்க்காமல் சொல்கிறேன், ஆகவே இதைப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி எடுக்க வேண்டாம். நீங்கள் நோ எந்த இடத்தில் என்று எழுதியது நல்லது, அதிகம் பேர் "முட்டி வலி, எந்த பெல்ட்?" என்றுதான் கேட்பார்கள். இடம் தெரியாமல் பெல்ட் வாங்குவது கண் எப்படி என்று பார்க்காமல் மூக்குக்கண்ணாடி வாங்குகிற மாதிரி.

நீங்கள் வாங்கிய உறை சூட்டைப் பிடித்து வைக்கும், கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வைக் கொஞ்சம் கூட்டும், அதனால் சிலருக்கு நோ குறைந்த மாதிரி இருக்கும். பாரத்தை அது தாங்காது, துணி எப்படித் தாங்கும்? மரத்தது அளவு பிழை. மரத்தாலோ, பாதம் நிறம் மாறினாலோ உடனே கழற்றுங்கள், குளிரில் அது விளையாட்டில்லை. முழங்கால் சில்லுக்குப் பின்னால் நோ உள்ளவர்களுக்குச் சில்லுக்குக் கீழே கட்டும் சின்னப் பட்டியோ, சில்லுக்கு ஓட்டை வைத்த உறையோ சிலநேரம் உதவும். அது உங்களுக்கு இல்லை.

உங்களுக்கு, அதாவது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு என்றே ஒரு வகை இருக்கிறது, பாரம் மாற்றும் ஓர்தீஸ், ஒருவகை பிரேஸ்தான். தொடையில் ஒரு பிடி, கெண்டையில் ஒரு பிடி, நடுவில் முழங்காலில் பக்கவாட்டாக ஒரு தள்ளல், இந்த மூன்று இடத்து அழுத்தத்தால் தேய்ந்த உள்பக்கத்தைக் கொஞ்சம் திறந்து பாரத்தை வெளிப்பக்கம் அனுப்பும். எல்லோருக்கும் சரிவராது. இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் தள்ளுவதற்கு நல்ல பக்கமே இல்லையே. தொடை பருத்தவர்களுக்குப் பிடி நிற்காது. அதைவிட முக்கியம், கையில் தூக்கிப் பார்த்து வாங்காமல் அளந்து வாங்குங்கள், பெரும்பாலும் சில்லின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே தொடைச் சுற்றளவு எடுப்பார்கள், அதுவும் நின்றபடி. மருத்துவர் மருந்துச்சீட்டில் எழுதினால் அடிப்படைக் காப்புறுதி ஒரு பகுதியைக் கொடுக்கக்கூடும், வாங்கிய பிறகு கேட்காமல் முதலே கேளுங்கள். வாங்கியதும் நேரே மலைக்குப் போக வேண்டாம், இரண்டு கிழமை வீட்டிலும் படிக்கட்டிலும் போட்டுப் பழகுங்கள்.

இனி நீங்கள் கேட்காத விஷயங்கள்.

கட்டும் சாமானுக்கு முன்னால் கட்டியெழுப்ப வேண்டியது தொடைத்தசை. ஸ்கீயில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்குத்தான் முழங்கால் கூடுதலாக அடி வாங்கும், களைத்தால் எல்லோரும் பின்னால் உட்காருவோம், மதியத்துக்குப் பிறகு பாருங்கள், பிஸ்தே (சறுக்குப் பாதை) முழுக்கக் கதிரையில்லாமல் கதிரையில் இருக்கிறவர்கள்தான். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய கிளாட் என்ற பயிற்சி முறை சுவிசிலும் உண்டு, தேய்மானக்காரருக்கென்றே செய்தது, கிழமைக்கு இரண்டு தடவையாக ஆறு கிழமை. மாசிக்கு இப்போதே தொடங்கினால் சரியாக இருக்கும். எடை பற்றிச் சொன்னால் கோபிப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறைகிறது என்று 2005இல் தேய்மானக்காரரை வைத்து அளந்து எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது பிண்டுங், சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டி வைக்கும் பிடி. ஸ்கீ கழன்று விழும் அளவை எடை, உயரம், சப்பாத்து அடிநீளம், உங்கள் ஓட்டத் தரம், வயது எல்லாம் பார்த்து அட்டவணையிலிருந்து எடுப்பார்கள், 50ஐத் தாண்டினால் ஒரு படி குறைவான அளவுக்குப் போக வேண்டும். நீங்கள் 48 வயதில் வைத்த அளவிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கடையில் கொடுத்துத் திரும்ப வையுங்கள், திருகாணியை நீங்களே திருக வேண்டாம். அதற்காக எல்லாம் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள், பிண்டுங் முதலில் செய்யப்பட்டது கீழ்க்கால் எலும்பு முறியாமல் இருக்க, முழங்கால் தசைநாரை அது அவ்வளவாகக் காப்பாற்றாது. பின்னால் விழப்போகிறீர்கள் என்றால் விழுந்துவிடுங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழும்பப் பார்ப்பதில்தான் அறுகிறது.

காலையில் வலிமாத்திரை போட்டுவிட்டு ஏற வேண்டாம். நோதான் உங்களுக்கு மணியடிக்கிறது, மணியை நிறுத்திவிட்டு ஏறினால் எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? மறுநாள் முழங்கால் வீங்கினால், பூட்டிக்கொண்டு நீட்ட முடியாவிட்டால், நடக்கும்போது திடீரென்று விட்டுப்போனால் பெல்ட்டைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஸ்காபரோ பெரியவர் எழுதியது:

தம்பி, எனக்கு 66. இரண்டு முழங்காலும் போச்சு, ஒரு பக்கம் என்றில்லை, முழுக்க. ஆகவே பிசியோத் தங்கச்சி சொன்ன தள்ளுகிற சாமான் எனக்குச் சரிவரவில்லை. நான் பாவிப்பது ஸ்கீ மோஜோ. இது முழங்காலைச் சுற்றிக் கட்டுகிற பெல்ட் இல்லை. இடுப்பில் ஒரு பட்டி, இரண்டு காலின் வெளிப்பக்கமும் சுருள்வில், கீழே ஸ்கீ சப்பாத்தில் கொளுவ வேண்டும், எல்லாம் காற்சட்டைக்குள்ளே. நீ மடங்கும்போது வில் அமுங்கித் தொடை செய்கிற வேலையில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கும் என்று செய்தவர்கள் சொல்கிறார்கள், நான் தராசு வைத்து அளக்கவில்லை, ஆனால் முன்பு பதினொரு மணிக்குக் கோப்பிக்கடையில் இருப்பேன், இப்போது இரண்டு மணிக்கு இருக்கிறேன். மலைக்கு மேலே கொண்டுபோகும் கதிரை லிப்டில் இருக்கும்போதும் நடக்கும்போதும் வில்லை நிறுத்தி வைக்கலாம். முதல் நாள் நிறுத்த மறந்து லிப்டில் ஏறி இருந்தால், கால் இரண்டும் தானாக நீண்டுகொண்டு நிற்கிறது, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை பயந்துபோச்சு.

குறை என்ன என்றால் விலை, பிறகு காலையில் மாட்டும் வேலை. கழிப்பறைக்குப் போகிறதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

எங்கள் கனடாப் புளூ மவுண்டன் 220 மீட்டர் இறக்கம்தான், ஆறேழு நிமிடத்தில் கீழே வந்து ஆறுதலாக லிப்டில் இருந்து மேலே போகலாம். உங்கள் சுவிஸ் மலையில் ஒரே ஓட்டத்தில் ஆயிரம் மீட்டர் இறங்குவீர்கள், இடையில் கால் ஆறாது. ஆகவே நான் சொல்வதைக் கழித்துப் பார்த்துக்கொள்.

முழங்காலுக்குள்ளேயே வில் வைத்த லெவிடேஷன் என்று ஒன்று இங்கே நோவா ஸ்கோஷியாவில் செய்கிறார்கள், சில்லுப் பக்கமும் தேய்ந்தவர்களுக்கு நல்லது என்று கூட்டாளி சொன்னான். நான் போட்டுப் பார்க்கவில்லை. முதுகுப்பையில் மின்கலமும் கம்பிரசரும் வைத்துக் காற்றால் முழங்காலைத் தூக்குகிற ரோபோ ஒன்றும் கலிபோர்னியாவில் செய்தார்கள், அது எனக்குக் கூடிப்போச்சு.

வயதைப் பற்றிக் கதைத்தவருக்கு: அமெரிக்க ஸ்கீ வீராங்கனை லிண்ட்சி வோன் 2024இல் வலது முழங்காலில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு, 2025 பங்குனியில் சன் வேலியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 40 வயதில் இரண்டாவதாக வந்தார். நாங்கள் வோன் இல்லைத்தான். ஆனால் தேத்தண்ணியும் இல்லை.

பனிப்பூ எழுதியது:

ஒஸ்லோவிலிருந்து. அண்ணா, இறக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் லாங்ரென் பழகிப் பாருங்கள், சமதரையில் நீள ஸ்கீயில் தள்ளித் தள்ளிப் போவது. குதிகால் விடுபட்டிருக்கும், சப்பாத்து மெத்தென்று இருக்கும், அடி விழாது. எங்கள் அம்மா 60 வயதில் தொடங்கினா, அவவுக்கும் முழங்கால் தேய்மானம், ஒரு பெல்ட்டும் இல்லை. ஆனால் இறக்கத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும், அம்மா இன்னும் மரத்தைப் பிடித்துத்தான் நிற்பா.

ஆரேக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும், போய் வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

அக்கா சொன்னபடி மருத்துவரிடம் சீட்டு வாங்கி, பாரம் மாற்றும் ஓர்தீஸ் அளந்து எடுத்தேன். காப்புறுதி ஒரு பகுதி கொடுத்தது, மிச்சம் கை கடித்தது. மியூனிக் தம்பி, சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், அவர்கள் சிரிக்கவில்லை, ஆனால் நான் கேட்ட முதல் அளவு சப்பாத்து விளிம்பில் டக்கென்று இடித்தது, கீழ்ப்பக்கம் கட்டையான வேறொன்று எடுத்தோம். பிண்டுங்கைப் பார்த்த பையன் அட்டவணையில் விரலை வைத்து, எப்போது கடைசியாக வைத்தீர்கள் என்று கேட்டான். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு படி குறைத்தான். பயிற்சிக்கு ஒன்பது தடவைதான் போக முடிந்தது, சமையலறையில் லீவு கிடைக்கவில்லை.

அடெல்போடனில் நாலு நாள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை லேசான நீலப் பிஸ்தேயும் நடுத்தரமான சிவப்பு இரண்டும், அதற்கு மேல் இல்லை, பனி இளகி மண்மூட்டை மாதிரி வந்ததும் நான் கீழே. முதல் நாள் நோ வந்தது, ஆனால் ஊசி இல்லை, கனம் மாதிரி. இரண்டாம் நாள் தொடைப்பட்டி ஒரு அங்குலம் இறங்கியது, லிப்டில் கையுறையைக் கழற்றிவிட்டு இறுக்கினேன், விரல் விறைத்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் நிலம் உறைந்து கட்டியாக இருந்ததால் ஏறவே இல்லை, மனைவியோடு பனிப்பாதையில் நடந்தேன். நாலாம் நாள்தான் நல்ல நாள். மகள் பின்னால் வந்து காணொளி எடுத்தாள், "அப்பா, நீங்கள் வலதுகாலை ஏமாற்றுகிறீர்கள்" என்றாள். பார்த்தால் உண்மைதான், நோவுக்குப் பயந்து இடதுபக்கத் திருப்பத்தை எல்லாம் பாதியிலேயே வெட்டிவிடுகிறேன், பெல்ட் கட்டிய பிறகும். அது பழைய பழக்கம் போல, எப்படி விடுவது என்று தெரியவில்லை. வருகிற பருவத்தில் ஒரு நாள் ஆசிரியர் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ரயில் படியில் நேராக இறங்கினேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

ஒரு கேள்வி மிச்சம். நாலு நாள் வியர்வையில் அந்த உள்ளுறை மணக்கிற மணத்துக்கு மனைவி அதைப் பால்கனியில் வைத்திருக்கிறா, வீட்டுக்குள் எடுக்க விடமாட்டேன் என்கிறா. இயந்திரத்தில் போடலாமா, கையால் துவைப்பதா? அட்டையில் ஏதோ கோடு போட்ட வாளி படம் இருக்கிறது, எனக்கு விளங்கவில்லை.

மயிலாப்பூர் டு மியூனிக் எழுதியது:

வாளியின் மேல் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே கோடு போட்டிருந்தால் துவைக்கவே கூடாது என்று அர்த்தம் சார். ஆனால் கோட்டுக்குப் பதிலாக உள்ளே ஒரு கை இருந்தால் கையால். படத்தை எடுத்துப் போடுங்கள்.