மறு: கம்ப்ரஷன் லாஸ் = 'அழுத்தக் கசிவு' சரிவராது

> கம்ப்ரஷன் லாஸ் – அழுத்தக் கசிவு
> வால்வ் ட்ரெயின் – ஓரதர்த் தொடர்

ஐயா, எஞ்சின் சொற்களுக்கு நீங்கள் முன்வைத்த இந்த இரண்டு தமிழாக்கங்களிலுமே எனக்கு உடன்பாடில்லை. கம்ப்ரஷன் லாஸ் என்றால் சிலிண்டருக்குள் காற்று போதுமான அளவு அழுத்தப்படாமல் போவது. முதல் சொல் அகராதியில் ஏறினால் அதை நம்பிக் கசிவைத் தேடி யாராவது ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் இருக்கும் பகுதி) கழற்றிவிடுவார்கள்.

நான் கழற்றியிருக்கிறேன். பழைய புஷ்ராடு எஞ்சின் கார் (கேம் என்ற சுழலும் மேடு தள்ளுவதை வால்வுக்குக் கடத்தும் கம்பிதான் புஷ்ராடு). கம்ப்ரஷன் கேஜை மாட்டினால் நான்கு சிலிண்டரில் மூன்று 140 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டின, மூன்றாவது மட்டும் 20ஐத் தாண்டவில்லை. பிளக் ஓட்டை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டுப் பார்த்தோம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து கேஜ் ஊசி ஏறியிருக்கும், ஏறவில்லை. சரி, வால்வு கருகிக் கசிகிறது என்று முடிவு கட்டி ஹெட்டை இறக்கினால் வால்வும் அது உட்காரும் சீட்டும் பளிச்சென்று இருக்கின்றன. அப்புறம்தான், கழற்றி ஓரமாகப் போட்ட புஷ்ராடுகளில் ஒன்று வில் மாதிரி வளைந்து கிடந்ததைப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வின் ராடு. வால்வு திறக்கவே இல்லை, காற்றே உள்ளே போகவில்லை, பிறகு எது கசியும்? பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடிய நிலையில் கம்ப்ரஸர் காற்றை விட்டிருந்தால் பெரிதாகச் சீறல் எதுவும் கேட்டிருக்காது, கசிவில்லை என்று புரிந்து மேலே உள்ள டேப்பெட் கவரை மட்டும் திறந்து வேலை முடிந்திருக்கும்.

கேமைச் சுற்றும் டைமிங் செயின் ஒரு பல் தாவினாலும் இதே கதைதான்: இன்லெட் தாமதமாக மூடும், உள்ளே போன காற்றில் கொஞ்சம் வந்த வழியே திரும்பும், நான்கு சிலிண்டரிலும் ஊசி ஒரே அளவாக இறங்கும். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்காமல் போனால் இன்னும் வேடிக்கை, காற்று சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடுவதால் கேஜ் நல்லபடியாகவே காட்டக்கூடும், வண்டிதான் நொண்டும்.

ஆகவே கசிவு என்பது காரணங்களில் ஒன்று, அதையே பொதுப் பெயராக வைக்கக் கூடாது. அமுக்கக் குறைவு என்று வைக்கலாமென்றால் இலங்கையில் அமுக்கம் என்பது பிரஷர். தாழமுக்கம் என்றால் அங்கே மழைச் செய்தி. கம்ப்ரஷனுக்கு அவர்கள் சொல்லும் 'நெருக்கல்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'நெருக்கம்' வேண்டாம், நெருக்கம் குறைவது கணவன் மனைவிக்குள். பொதுவாக நெருக்கல் குறைவு, அதற்குள் கசிவுக் குறை, உள்வாங்கல் குறை (காற்று போதிய அளவு உள்ளே சேராதது) என்று இரண்டு.

ஓரதர் நல்ல சொல்தான், ஒருவழிப் பாதை. இதயத்தில் இருப்பதற்கும் டியூப் வால்வுக்கும் பொருந்தும், ஓட்டமே அவற்றைத் திறக்கிறது. எஞ்சின் வால்வைக் கேம் தள்ளினால்தான் திறக்கும். அது வால்வாகவே இருக்கட்டும். கேம், டேப்பெட், புஷ்ராடு, ராக்கர், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து வால்வியக்கத் தொடர். பற்சக்கரத் தொடர் (கியர் ட்ரெயின்) என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் புதிதாக ஒன்றும் பழக வேண்டியதில்லை.

உள்வாங்கலுக்குப் பதிலாக வேறு சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். எழுதும்போதெல்லாம் 'கடல் உள்வாங்கியது' என்ற செய்திதான் கண்முன் வந்து நிற்கிறது.