மறு: மறு: 'அழற்சிக் குறிகாட்டி' சரிதானா?

மாங்குளத்திலிருந்து:

வணக்கம். வெள்ளிக்கிழமை தாதிய வகுப்பில் நுரையீரல் தொற்றுப் பாடம். உடலில் அழற்சி வந்தால் குருதியில் கூடுகிற சீஆர்பி, புரோகல்சிற்றோனின் போன்ற புரதங்களுக்குப் பொதுச்சொல்லாக 'அழற்சிக் குறிகாட்டி' என்று கையேட்டில் எழுதினேன். உடனே ஒரு பிள்ளை, "அப்ப கூடினால் நியூமோனியா என்று காட்டிவிடுமா மிஸ்?" என்று கேட்டாள். காட்டாது. மூட்டுவாதத்திலும் ஏறும், சத்திரசிகிச்சைக்குப் பிறகும் ஏறும். சொல்லே பிழையாகப் படிப்பிக்கிறது. வேறு சொல் தாருங்கள்.

முள்ளியவளையிலிருந்து:

தங்கச்சி, 'அழற்சி' இருக்கட்டும், அழல் நெருப்புத்தானே. சிக்கல் 'காட்டி'யில். 'அழற்சிச் சுட்டி' என்று வையுங்கள். 'அது' என்று சுட்டினால் மாடா மரமா என்று நாங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். சுடு என்பதன் எச்சமும் 'சுட்டு'தான். எரிதலும் சுட்டலும் ஒரே வடிவில் நிற்கின்றன! மலையில் புகை கண்டு தீ உண்டென்று அறிவதைச் சைவ சித்தாந்தம் கருதலளவை என்கிறது. காட்டுக்கரையில் புகை எழுந்தால் நெருப்பு உண்டு. சேனைப் பயிருக்கு வெட்டிய காடு எரிகிறதா, கஞ்சி கொதிக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆகவே 'அழற்புகை'யும் பொருந்தும்.

வவுனியாவிலிருந்து:

ஐயா, வயலால் நேரே காய்ச்சலோடு வருகிறவர் 'அழற்புகை' என்றால் அடுப்புப் புகையால் வந்த இருமல் என்று நினைப்பார். 'சுட்டி' கணினிக்காரரிடம் போய்விட்டது. சீஆர்பி 1930இல் நியூமோனியா நோயாளரின் குருதியில்தான் கண்டறியப்பட்டது. ஆனாலும் அதைச் செய்வது ஈரல். நெஞ்சைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உச்சத்துக்கு வர ஏறக்குறைய 48 மணி நேரம் எடுக்கும், முதல் நாள் குறைவாக இருந்தால் ஏமாறக் கூடாது. புரோகல்சிற்றோனின் பற்றீரியாத் தொற்றில் கூடுதலாக ஏறும். அதையும் தனியே நம்ப முடியாது. பிரித்தானியாவின் 2014 வழிகாட்டலில், நோயாளியைப் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால்தான் சீஆர்பி: லீற்றருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் என்றால் நுண்ணுயிர்க்கொல்லி, 20க்குக் கீழ் என்றால் வழமையாகக் கொடுப்பதில்லை என்று இருந்தது. துணைக்கு வருகிற சாட்சி அது. சித்த மருத்துவத்தில் 'குறிகுணம்' உண்டே, 'அழற்சிக் குறி' போதாதா?

முள்ளியவளையிலிருந்து:

குறி சொல்லுதல் என்றால் நடக்கப்போவதை அடித்துச் சொல்லுதல். 'காட்டி'யை விட மோசம்.

மாங்குளத்திலிருந்து:

நாளைக்கு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நான்கு பேர் 'குறிகாட்டி'யே இருக்கட்டும் என்கிறார்கள். சரி, அதுவே போகட்டும். கீழே இப்படிச் சேர்க்கிறேன்: 'அழற்சி உண்டென்று சொல்லும், எங்கே, எதனால் என்று சொல்லாது. நெஞ்சைச் சோதித்து, எக்ஸ்றேயும் பார்த்தே முடிவு.'

முள்ளியவளையிலிருந்து:

வாக்கியத்தை முழுமனதோடு ஏற்கிறேன். சொல்லை ஏற்கவில்லை; அடுத்த பதிப்புக்கு முன் மறுபடியும் எழுதுவேன்.