ரேமும் வைஃபை கார்டும் மாற்றினேன், வைஃபை காணவில்லை. அவசரம்!

கடைசிபெஞ்ச்
வணக்கம். ஆபீஸில் கொடுத்த லேப்டாப், இப்போது எனக்கே சொந்தம். தயாரிப்பாளர் கணக்கில் இதற்கு 32 ஜிபி ரேம்தான் உச்சம், வைஃபை கார்டும் பழையது மட்டும்தான். நான் வெளியில் வாங்கி 64 ஜிபியும் வைஃபை 6 கார்டும் போட்டுவிட்டேன். ஆன் ஆகிறது, விண்டோஸ் வருகிறது, வைஃபை மட்டும் இல்லை. டிரைவரும் போட்டுப் பார்த்தாயிற்று. நாளைக் காலை மீட்டிங். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மின்மினி
எந்த லேப்டாப்? எந்தக் கார்டு? எந்த விண்டோஸ்? வைஃபை "இல்லை" என்றால் ஐகானே இல்லையா, ஐகான் இருந்து சிக்னல் எடுக்கவில்லையா?

மூத்தகுடி
"வைஃபை 6 கார்டு" என்பது எந்தக் கார்டின் பெயரும் கிடையாது. வண்டி ஓடவில்லை என்று மெக்கானிக்குக்குப் போன் போட்டு, எந்த வண்டி என்றால் "நாலு சக்கரம்" என்பதுபோல் இருக்கிறது. உதவி கேட்பதற்கும் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

ஒற்றைத்திருகு
ரேம்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 32 என்று எழுதியிருக்கும் போர்டில் 64 போட்டால் ஏதாவது ஒன்று போகும், உங்களுக்கு வைஃபை போயிருக்கிறது. பழைய ரேமை மாட்டிப் பாருங்கள்.

மின்மினி
ரேமுக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் ப்ரோ? 32 ஜிபி டிடிஆர்4 (ரேம் வகை) குச்சிகள் கடைக்கு வருவதற்கு முன்பே வெளியான லேப்டாப்களில் இரண்டு ஸ்லாட்டுக்கு 16, 16 என்று கூட்டி 32 என்று அச்சடித்துவிட்டார்கள். இன்டெல்லும் அதே எண்ணைத்தான் போட்டது. அப்படிப்பட்ட நிறைய மாடல்களில் 64 ஓடுகிறது. ஒத்துவராத ரேம் என்றால் திரையே வராது, இல்லையென்றால் நடுவில் நீலத் திரை வரும். வைஃபையை மட்டும் பார்த்துத் தூக்காது.

ஒற்றைத்திருகு
நான் சொல்வது அனுபவம். நீங்கள் சொல்வது ஏட்டுச் சுரைக்காய்.

கடைசிபெஞ்ச்
பழைய ரேம் மாட்டியும் அதே கதைதான். 64 முழுசாகக் காட்டுகிறது, அதில் எனக்குக் குறை இல்லை. விண்டோஸ் 11. கார்டு இன்டெல். மாடல் எண்ணை இங்கே போட விருப்பமில்லை, ஆபீஸ் ஆட்கள் படிக்கிறார்கள். பிராசசர் ஐ5 8350யு. ஐகானே இல்லை.

பனங்காடை
சார், அப்படியென்றால் வைட்லிஸ்ட். பிசினஸ் லேப்டாப்களில் இது பழைய வியாதி. கார்டின் அடையாள எண்ணை பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) பார்க்கும், தன் பட்டியலில் இல்லையென்றால் ஏற்காது. பட்டியலை நீக்கிய பயாஸ் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு
பயாஸில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள், தேவையே இருக்காது. வைட்லிஸ்ட் தடுத்தால் இப்படிச் சத்தமில்லாமல் இருக்காது. பெரும்பாலும் ஆன் செய்ததுமே கறுப்புத் திரையில் "அனுமதியில்லாத கார்டு" என்று எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடும், விண்டோஸ் வரைக்கும் விடாது. உங்களுக்கு விண்டோஸ் வருகிறது.

இரண்டு கேள்விகள். டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸின் சாதனப் பட்டியல்) மஞ்சள் குறியோடு "தெரியாத சாதனம்" ஏதாவது இருக்கிறதா? புளூடூத் வருகிறதா?

கடைசிபெஞ்ச்
மஞ்சள் எதுவும் இல்லை. அட, புளூடூத்தும் இல்லை. இப்போதுதான் பார்த்தேன்.

கூடுதேடி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் பிசினஸ் லேப்டாப்தான். சிம் மோடம் போடும் ஸ்லாட் காலியாகக் கிடக்கிறது, அதில் இரண்டாவது எஸ்எஸ்டி போடலாமா?

மூத்தகுடி
தனி இழை தொடங்கவும். கேட்டவருக்கே இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நூல்கண்டு
கடைசிபெஞ்ச், டிரைவர் பிரச்சினை என்றால் சாதனம் மஞ்சளாகவாவது தெரியும். ஆன்டெனா சரியாக உட்காரவில்லை என்றால் கார்டு தெரியும், சிக்னல்தான் பலவீனமாக இருக்கும். ஒரே கார்டிலிருந்து வைஃபை பிசிஐஇ என்ற உள் இணைப்பு வழியாகப் போகும், புளூடூத் யுஎஸ்பி வழியாகப் போகும். இரண்டுமே சுவடில்லாமல் இருக்கிறது என்றால் போர்டுக்கு அங்கே ஒரு கார்டு இருப்பதே தெரியவில்லை. ஒன்று சரியாகச் சொருகவில்லை, இல்லை பயாஸில் வயர்லெஸ் அணைந்திருக்கிறது, இல்லை கார்டே இந்த லேப்டாப்புக்கான இனம் இல்லை. கார்டின் ஸ்டிக்கரில் ஏஎக்ஸ் என்று தொடங்கும் எண் என்ன?

பனங்காடை
வைட்லிஸ்ட் சத்தமில்லாமலும் தடுக்கலாம். அது அந்தந்தக் கம்பெனியின் பேராசையைப் பொறுத்தது.

மூத்தகுடி
பேராசை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவேண்டாம். ரேடியோ சாதனத்துக்கு அரசு அங்கீகாரம் வாங்கும்போது கார்டோடு ஆன்டெனாவையும் சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள். அமெரிக்காவில் எஃப்சிசி (தகவல்தொடர்பு ஆணையம்) விதி அப்படி. ஆன்டெனா திரையைச் சுற்றி ஓடுகிறது. நீங்கள் வேறு கார்டு சொருகினால் சோதிக்காத ஒரு ஜோடி உருவாகிறது. தயாரிப்பாளர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பனங்காடை
அப்படியானால் அதே இன்டெல் சிப், அதே கார்டு, துணை அடையாள எண் மட்டும் வேறு என்றால் ஏன் விரட்டுகிறது? ரேடியோ அலைக்கு ஸ்டிக்கர் படிக்கத் தெரியுமா? பிற்பாடு வந்த பல மாடல்களில் இந்தப் பட்டியலே இல்லை. விதி அப்படியேதானே இருக்கிறது?

மூத்தகுடி
உங்களுக்குப் புரியவைப்பது என் வேலையில்லை.

ஒற்றைத்திருகு
நான் இன்னும் ரேம் என்றுதான் சொல்வேன்.

கடைசிபெஞ்ச்
ஏஎக்ஸ்201. பயாஸில் வயர்லெஸ் ஆன் ஆகத்தான் இருக்கிறது.

நூல்கண்டு
கிடைத்துவிட்டது. கார்டில் பழுதில்லை, உங்கள் லேப்டாப்பிலும் பழுதில்லை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தைதான் கிடையாது.

ஏஎக்ஸ்200 முழுமையான கார்டு, வைஃபை வேலை எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும். ஏஎக்ஸ்201 பாதிக் கார்டு. ரேடியோ பகுதி மட்டும் அதில் இருக்கிறது, மீதி மூளை இன்டெல் பிராசசரோடு வரும் சிப்செட்டுக்குள் இருக்கவேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு சிஎன்விஐ என்று பெயர். 201 கேட்கும் வகை இன்டெல் பிராசசரின் 10ஆம் தலைமுறையிலிருந்துதான் வந்தது. உங்கள் 8350யு எட்டாம் தலைமுறையிலேயே முதலில் வந்த கூட்டம், அதில் சிஎன்விஐ எந்த வடிவத்திலும் இல்லை. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், திருகும் ஏறும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். பழைய கார்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதன் விளிம்பில் இரண்டு வெட்டு இருக்கும். 201இல் ஒன்றுதான்.

வாங்கும்போது கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 200, 210 இரண்டும் உங்களுக்கு ஆகும். 201, 211 ஆகாது. முந்தைய தலைமுறைக் கார்டுகளில் இதே கதை 9260 (முழுக் கார்டு), 9560 (பாதிக் கார்டு) என்ற பெயரில் நடந்தது. 210 எடுத்தால் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் கிடைக்கும், விண்டோஸ் 11 என்பதால் உங்களுக்கு அது பயன்படும். ஆனால் ரவுட்டரிலும் அந்த வசதி வேண்டும்.

நாளைய மீட்டிங்குக்குப் பழைய கார்டையே மாட்டிவிடுங்கள். திறக்கும் முன் பயாஸில் உள் பேட்டரியை முடக்கும் வசதி இருந்தால் முடக்கிக்கொள்ளுங்கள். ஆன்டெனாத் தலைகளை நகத்தால் நேராக மேலே தூக்குங்கள், சாய்த்து இழுக்கவேண்டாம். கழற்றிக் கழற்றி மாட்டினால் அவை சீக்கிரம் நைந்துவிடும்.

மின்மினி
பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் பயாஸைத் தொட்டால் சில சமயம் அதைக் கேட்கும், சாவி ஆபீஸ் ஐடி ஆட்களிடம் இருக்கும்.

மூத்தகுடி
கார்டின் பெயரை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இரண்டாவது பதிவில் இதை நானே சொல்லியிருப்பேன்.

பனங்காடை
சொல்லியிருப்பீர்கள், எஃப்சிசி பற்றி.

கூடுதேடி
தனி இழை தொடங்கினேன், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த சிம் ஸ்லாட்?

நூல்கண்டு
அது பி கீ (ஒரு வகை வெட்டு) ஸ்லாட். வழக்கமான நீள எஸ்எஸ்டி உட்காராது, 2242 (22 மி.மீ. அகலம், 42 மி.மீ. நீளம்) அளவில் பி, எம் இரண்டு வெட்டும் உள்ள என்விஎம்இ (பிசிஐஇ வழி எஸ்எஸ்டி) வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் போர்டில் அந்த ஸ்லாட்டுக்கு பிசிஐஇ இழுத்திருக்கவேண்டும். சில மாடல்களில் வெறும் யுஎஸ்பிதான் போகிறது, அதில் எந்த எஸ்எஸ்டியும் தெரியாது. பிசிஐஇ இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு லேன்தான் (தரவு போகும் தடம்), நான்கு லேன் ஸ்லாட்டோடு ஒப்பிட்டால் வேகம் பாதி. கோப்புகள் சேமிக்க அது போதும். அப்புறம், உங்கள் மாடல் என்ன?

கடைசிபெஞ்ச்
210 போட்டேன். வைஃபை, புளூடூத் இரண்டும் வருகிறது. நன்றி நூல்கண்டு அண்ணா.

ஒற்றைத்திருகு
ரேம் இப்போது எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?

கூடுதேடி
என் மாடலைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் அண்ணா, எங்கள் ஆபீஸ் ஆட்களும் இங்கே இருக்கிறார்கள்.