ஓடுகிற ஷண்டரின் சைடு ராடில் துரு வருமா?

பழைய_ஷெட்காரன் (பாலக்காடு)
நேற்று கொழிஞ்சாம்பாறைத் தம்பி தன் டபிள்யூ.டி.எஸ்.-4 டீசல் ஷண்டரின் (யார்டில் வேகன்களை இடம் மாற்றும் எஞ்சின்) ஹெச்.ஓ. மாடலை (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) படம் போட்டு, சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சைடு ராடைப் பற்றி, "ஷண்டிங் எஞ்சின் என்றால் சைடு ராடு முழுக்கத் துருதான், துரு இல்லாத ராடு பொம்மை ராடு" என்று எழுதியிருந்தார். ராத்திரி அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் லோகோ ஷெட்டில் கை கறுத்தவன் நான். ஓடுகிற எஞ்சினின் சைடு ராடில் துரு பிடிக்காது. எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்போம், அது ராடைச் சக்கரத்தோடு பிணைக்கும் கிராங்க் பின்னிலிருந்து கசிந்து ராடு மேல் பரவும், அதில் தூசி ஒட்டும், கறுப்புப் பிசுக்காக இருக்கும். கழிவுப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே இரும்பு பளிச்சென்று தெரியும். தம்பி ஆரஞ்சுப் பவுடரை ராடு முழுக்கத் தேய்த்து வைத்திருக்கிறார். கடற்கரையில் பத்து வருஷம் கிடந்த நங்கூரம் மாதிரி இருக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை_ஹெச்ஓ
அண்ணா, நான் கண்ணால் பார்த்ததைத்தான் செய்தேன். போத்தனூர் தாண்டும்போது யார்டு ஓரத்தில் நின்ற எஞ்சினைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன், ராடு பழுப்பாகத்தான் இருக்கிறது. ஹூடும் (எஞ்சினை மூடும், கதவுகள் வைத்த கூடு) கேபினும் செய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் ஒவ்வொரு கதவாக வெட்டி ஒட்டினேன். கைப்பிடிக்குக் கிட்டாரின் மெல்லிய கம்பியைப் போட்டேன், 0.25 மி.மீ., 87-ஆல் பெருக்கினால் 22 மி.மீ. வரும், நிஜக் கைப்பிடிக் குழாய்க்கு அது சரியான பருமன். இதைப் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை, ராடு மட்டும் கண்ணில் பட்டதா? துரு இருந்தது, பார்த்தேன், செய்தேன்.

பழைய_ஷெட்காரன்
"ஓரத்தில் நின்ற எஞ்சின்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நின்ற எஞ்சினில் துரு வரும். நான் சொன்னது ஓடுகிற எஞ்சின். உங்கள் மாடலுக்குப் பின்னால் நான்கு வேகன் மாட்டி ஓட்டுகிற வீடியோவும் போட்டிருக்கிறீர்கள். வேகன் இழுக்கிற எஞ்சினில் துருப்பிடித்த ராடு கிடையாது.

மீட்டர்கேஜ்_செங்கோட்டை
ராடைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள். ஹெச்.ஓ. பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி, அதாவது கேஜ், 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1435 வரும், அது வெளிநாட்டு கேஜ். நம் பிராட்கேஜ் 1676, அதை 87-ஆல் வகுத்தால் 19.26 மி.மீ. எஞ்சின் கிட்டத்தட்ட 3 மி.மீ. ஒடுங்கிய பாதையில் நிற்கிறது. இது கண்ணை உறுத்தவில்லையா? நான் 12 மி.மீ. பாதையில் மீட்டர்கேஜ் (நிஜத்தில் 1000 மி.மீ.) செய்கிறேன், 11.5 வர வேண்டிய இடத்தில் அரை மி.மீ.தான் கூடுதல்.

கொழிஞ்சாம்பாறை_ஹெச்ஓ
19.26-க்கு சக்கரம் எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று சொல்லுங்கள், வாங்கி மாற்றுகிறேன். நீங்கள் 2018-இல் செங்கோட்டை புனலூர் பாதை பிராட்கேஜாகத் திறந்தபோது, ஆரியங்காவு குகை லேஅவுட் (பாதையோடு கூடிய மாதிரி அமைப்பு) அந்த வருஷமே முடியும் என்றீர்கள். இன்றுவரை ஒரு படம் வரவில்லை.

மீட்டர்கேஜ்_செங்கோட்டை
அந்தப் பாதையில் 1904 முதல் 2010 வரை ஓடியது மீட்டர்கேஜ். கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தின் மாடலை நான் கல் கல்லாகச் செதுக்குகிறேன். அதற்கு நேரம் ஆகும். அவசரமாகப் பவுடர் பூசுகிற வேலை இல்லை அது.

வாளையார்_பிரஷ்
ஒரு நிமிஷம். இரண்டு பேரும் துரு என்று சொல்வது ஒரே பொருளைத்தானா? வார்ப்பிரும்பு பிரேக் பிளாக் சக்கரத்தில் உரசும்போது இரும்புத் தூள் பறக்கும், அது சக்கரம், அடிச்சட்டம், மணல் குழாய் எல்லாவற்றிலும் படிந்து பழுப்பாகிவிடும். ஷண்டிங்கில் நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரேக் போடுவார்கள், அதனால் இன்னும் அதிகம். தம்பி பார்த்த பழுப்பு அதுவாக இருக்கலாம். துரு வேறு, பிரேக் தூள் வேறு. முதலில் இதைத் தீர்த்துக்கொண்டு பேசலாமே?

பழைய_ஷெட்காரன்
வாளையார் தம்பி சொல்வது சக்கரத்தைப் பற்றி. நான் பேசுவது ராடைப் பற்றி. ராடில் துரு வராது.

கொழிஞ்சாம்பாறை_ஹெச்ஓ
தூளோ துருவோ, நிறம் பழுப்புதானே? ராடு பழுப்பு. போன் படத்தில் இருக்கிறது.

பழைய_ஷெட்காரன்
சரி, எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், மற்றவர்களுக்காவது உதவட்டும்.

ராடைக் கழற்றுங்கள். எஞ்சினில் வைத்துக்கொண்டே பூசாதீர்கள். தம்பி பூசியது சாக் பேஸ்டல் பொடி, அது கிராங்க் பின் ஓட்டைக்குள் போனால் மண் மாதிரி அரைக்கும், ஓட்டை அகலமாகி எஞ்சின் நொண்டும். அந்த வீடியோவில் மெதுவாகப் போகும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை திக்குகிறதே, அது மோட்டார் கோளாறு இல்லை, இந்தப் பொடிதான். கழற்றிய ராடுக்கு ஸ்டீல் நிறம் அடித்துக் காயவிட்டு, மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் போடுங்கள். அப்புறம் கறுப்பும் பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) கலந்த ஆயில் பெயிண்டைத் தின்னரில் டீத்தண்ணி அளவுக்குக் கரைத்து, ராடின் பள்ளத்தில் மட்டும் ஓடவிடுங்கள். கால்மணி நேரம் கழித்து, காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, ராடின் நீளவாக்கில் ஒரே திசையில் இழுங்கள். விளிம்பில் 4பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், இரும்பு தெரிவது மாதிரி வரும். கடைசியாக பின் தலைகளைச் சுற்றி மட்டும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ். அதுதான் எண்ணெய். ஈரமாகத் தெரிய வேண்டும், துருவாகத் தெரியக் கூடாது.

அப்புறம் அளவு. ஹூடு கதவில் தம்பி பெயிண்ட் உரிந்த புள்ளிகள் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றும் 1 மி.மீ. இருக்கும். நிஜத்தில் அது 87 மி.மீ., என் உள்ளங்கை அகலம். கதவு முழுக்க உள்ளங்கை உள்ளங்கையாகப் பெயிண்ட் உரிந்த எஞ்சினை எந்த ஷெட்டும் வெளியே அனுப்பாது. சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் செய்து, சூரி டிரான்ஸ்மிஷன் (எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பு) பொருத்தி வந்த வண்டி அது. அதற்கு ஒரு மரியாதை உண்டு. பாயிண்ட்ஸ்மேன் (பாதை மாற்றிவிடும் ஆள்) ஏறி நிற்கும் படியில் மட்டும் பெயிண்ட் தேய்ந்திருக்கும், அங்கே காட்டுங்கள். புகைபோக்கியைச் சுற்றி ஹூடின் மேல் கரி. டீசல் ஊற்றும் மூடிக்குக் கீழே கறுத்து வழிந்த ஒரு தடம். இது போதும்.

கொழிஞ்சாம்பாறை_ஹெச்ஓ
மரியாதையை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம் அண்ணா. போன ஓணத்துக்கு என் ஏர்பிரஷை (பெயிண்டைக் காற்றில் தெளிக்கும் கருவி) வாங்கிக்கொண்டு போய், அதன் 0.3 மி.மீ. நாசிலில் பெயிண்டைக் காயவிட்டுத் திருப்பிக் கொடுத்தது யார்? ஊசி வளைந்திருந்தது. நான் அதை இங்கே சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். அந்தக் கதவுப் புள்ளிகள் ஸ்பாஞ்சால் வைத்தது, ஏர்பிரஷ் இருந்திருந்தால் அந்த வேலையையே வேறு மாதிரி செய்திருப்பேன். ராடில் துரு உண்டு.

பழைய_ஷெட்காரன்
நாசிலை நான் தின்னரில் கழுவித்தான் கொடுத்தேன். அன்றைக்கே பார்த்து வாங்கியிருக்கலாம். அதற்கும் ராடுக்கும் என்ன சம்பந்தம்? ராடில் துரு இல்லை.

வாளையார்_பிரஷ்
கழுவினால் போதாது, ஊசியை உருவித் துடைக்க வேண்டும். அது போகட்டும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்த பிறகு ஸ்ப்ரே கேனில் மேட் வார்னிஷ் அடித்தேன், ஹூடு முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. காற்றில் ஈரம் அதிகமானால் இப்படி ஆகிறது. இதற்கு யாராவது வழி சொல்லுங்கள், உண்மையாகவே மனசு உடைந்து உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வாரம் செய்த சிமெண்ட் தூசி வேலை உள்ளே இருக்கிறது.

மீட்டர்கேஜ்_செங்கோட்டை
தென்காசிச் சாரலில் எனக்கும் இதே அனுபவம்தான். வெயில் வரும் நாளுக்குக் காத்திருந்து, வறண்ட மத்தியானத்தில் அதே வார்னிஷை மெல்லியதாக இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள், பல சமயம் பூத்தது கரைந்துவிடும். இனிமேல் பொடிக்கு மேல் கனமாக வார்னிஷ் அடிக்காதீர்கள், பொடி பாதி காணாமல் போகும். 16.5 பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறை_ஹெச்ஓ
போன் படத்தை இப்போது போட்டிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். ராடு என்ன நிறம்?

பழைய_ஷெட்காரன்
பார்த்தேன். சக்கரத்துக்கு அடியில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. அந்த எஞ்சின் அசைந்து ஒரு மழைக்காலமாவது ஆகியிருக்கும். இதைப் பார்த்தா வேகன் இழுக்கிற மாடல் செய்தீர்கள்?

கொழிஞ்சாம்பாறை_ஹெச்ஓ
புல்லை விடுங்கள். ராடு பழுப்பா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மீட்டர்கேஜ்_செங்கோட்டை
தண்டவாளம் 1676. அதை முதலில் பேசலாம்.

பழைய_ஷெட்காரன்
முதலில் ராடு.