மோரிஸ் மைனர் கார்: முதல் மிதியில் பிரேக் பெடல் பாதிக்கு இறங்குகிறது

கேள்வி: மோரிஸ் மைனர் 1000 கார், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். முதல் மிதியில் பெடல் பாதிக்குக் கீழே போகிறது, உடனே மறுபடி மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பம்ப்) மாற்றணுமா அண்ணா?

பதில்: அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள் தம்பி. டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, டிரம் துளை வழியாக ஸ்க்ரூடிரைவர் விட்டு, அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை டிரம் இறுகும்வரை வலப்பக்கம் திருப்பி, ஒரு பல் பின்னால் விடுங்கள். முன் டிரம் ஒவ்வொன்றிலும் 2 அட்ஜஸ்டர், பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் ஒன்றுதான், ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுச் செய்யணும்.

இன்னொருவர்: பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் குழாயில் காற்று, அது வேறு கதை. அப்புறம் பெடலில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கட்டும், அதையும் எடுத்துவிட்டால் ஆயில் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே ஓடும்.

கேட்டவர்: சரி அண்ணா, இரண்டாவது அட்ஜஸ்டர் துளையில் தெரியவில்லையே?

பதில்: டிரம்மைச் சுற்றுங்கள், நேரே வரும்.